தூரிகை கொடுத்தால் ரயில் சுத்தமாகுமா?

1984இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஒன்றுக்கொன்று சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு நகரங்கள் ஒரே தொல்லைக்கு இரண்டு வழிகளில் தீர்வு தேடின. நியூயார்க் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைவராக அந்த ஆண்டு டேவிட் கன் வந்து சேர்ந்தார். அவர் பொறுப்பில் வந்த 6,000க்கும் மேற்பட்ட சுரங்க ரயில் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளும் புறமும் ஸ்ப்ரே பெயின்ட்டாலும் மார்க்கராலும் எழுதிய கிராஃபிட்டியால் நிரம்பியிருந்தன. எந்த நிலையம் வந்திருக்கிறது என்று ஜன்னல் வழியே பார்க்க முடியாத பெட்டிகளும் அவற்றில் உண்டு. எழுதியவர்களோடு பேசுவது கன்னுடைய திட்டத்திலேயே இல்லை. துடைப்பதும் காவல் போடுவதும்தான் அவருடைய வழி.

அதே ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் மேயராகப் பதவியேற்ற வில்சன் குட் வேறு பாதையில் போனார். ‘கிராஃபிட்டி எதிர்ப்பு வலையமைப்பு’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இனி சட்டவிரோதமாக எழுதமாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் இளைஞர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. அவர்களைத் திரட்டி வேலை வாங்க, லாஸ் ஏஞ்சலஸில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த ஜேன் கோல்டன் என்ற இளம் ஓவியர் அமர்த்தப்பட்டார். கிறுக்கிய சுவர்களைத் துடைக்க வந்த பிள்ளைகளிடம் அவர் தூரிகையைக் கொடுத்தார். நியூயார்க்கில் யாரிடமும் பேசாமல் பெட்டிகளைக் கழுவிய டேவிட் கன், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் இதே ஃபிலடெல்ஃபியாவின் போக்குவரத்து நிறுவனமான செப்டாவை நடத்திவந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பிரச்சினையை ஒரே ஊரில் கண்ட இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள்.

கிராஃபிட்டிக்காரர்களை அழைத்து, சுவரும் வண்ணமும் கொடுத்து, அதன் மூலம் போக்குவரத்துச் சொத்துகள் மீதான சட்டவிரோத எழுத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதற்கு முதல் சாட்சியாக அடிக்கடி சொல்லப்படுவது ஃபிலடெல்ஃபியா. நான் இந்த வழிமுறையின் பக்கம் நிற்பவன். ஆனாலும் அதை ஆதரிப்போர் முன்வைக்கும் முதன்மையான காரணம் பலவீனமானது என்றே நினைக்கிறேன். நிலையச் சுவர், பாலத் தூண், தண்டவாள ஓரத்துக் கட்டடம் ஆகியவற்றைக் காக்க இது நன்றாகவே உதவுகிறது. ஓடும் ரயிலைக் காக்க இது உதவியதாகக் காட்டும் சான்றுகள் மிக மெலிந்தவை. அந்த இளைஞர்களின் வாழ்க்கையில் இது செய்யும் வேலை இவ்விரண்டையும்விடப் பெரியது; அரசுக் கோப்புகளில் அதற்குத்தான் கடைசி இடம் கிடைக்கிறது.

முதலில், சுவர் ஏன் தப்பிக்கிறது என்று பார்ப்போம். கிராஃபிட்டி உலகுக்குள் எழுதப்படாத சட்டங்கள் உண்டு. மார்க்கராலோ ஸ்ப்ரேயாலோ ஒரே இழுப்பில் பெயரைப் போட்டுவிட்டுப் போவது டேக். இரண்டு நிறங்களில் பருத்த எழுத்துகளாக ஓரிரு நிமிடத்தில் வரைந்துவிட்டு ஓடுவது த்ரோ-அப். பல நிறங்களைக் கலந்து, நிழலும் ஆழமும் காட்டி, பல மணி நேரம் செலவிட்டு முடிப்பது பீஸ். பெரிய வேலை சின்ன வேலையை மறைக்கலாம். பீஸ் மீது டேக் போடுவது வரைந்தவரைத் தெருவில் வைத்து அறைவதற்குச் சமம். அதற்குப் பதிலடியும் வரும். ஆகவே அந்த உலகத்துக்குள் மதிக்கப்படும் ஒரு கை வரைந்த சுவர் நீண்ட காலம் தீண்டப்படாமல் நிற்கிறது. அதே சுவரில் மாநகராட்சி அனுப்பிய யாரோ ஒருவர் பூவும் பறவையும் வரைந்தால் அதற்கு அந்த மரியாதை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சுவரைக் காப்பாற்றுவது வரைந்தவரின் பெயர்தான்.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. 1983இல் வந்த ‘ஸ்டைல் வார்ஸ்’ என்ற ஆவணப்படத்தில், கேப் என்ற பெயரில் எழுதிய ஒருவர் மற்றவர்களின் அருமையான வண்ண வேலைகள் மீதெல்லாம் தன் த்ரோ-அப்பை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மற்றவர்கள் கொதிக்கிறார்கள், அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டத்தை மதிப்பவர்களிடையே மட்டும் செல்லுபடியாகும் சட்டம் அது. நேற்று ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்த பதினான்கு வயதுப் பையனுக்கு யார் பெரியவர், எது பெரிய வேலை என்பது தெரியாது. அவனை அழைத்துச் சொல்லிக்கொடுக்க மூத்தவர் ஒருவர் தேவை. கூட்டுத் திட்டங்கள் ஓரளவு வெற்றி பெற்ற இடங்களில் அந்த மூத்தவர் இருந்திருக்கிறார்.

ரயிலின் கதை வேறு. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், நகரமெங்கும் டாக்கி 183 என்று எழுதிவந்த ஓர் இளைஞரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. 183ஆம் தெருவில் வாழ்ந்த அவர், கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவர். போகும் இடமெல்லாம் தன் பெயரை விட்டுவிட்டு வந்தார். செய்தியைப் பார்த்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவர் வழியில் இறங்கினார்கள். பெயரை எழுதுவதே நோக்கம் என்றால் சுவரைவிட ரயில் சிறந்தது என்பதை அவர்கள் வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்கள். பிராங்ஸில் இருப்பவன் எழுதிய பெயரைப் புரூக்ளினில் இருப்பவன் மறுநாள் காலை பார்க்கிறான். ஏழைப் பகுதியில், பெரும்பாலும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் பிறந்து, அந்த நகரத்தில் எதற்கும் கணக்கில் வராத ஒரு சிறுவனுக்கு, தன் பெயர் ஊர் முழுக்க ஓடுவது எத்தனை பெரிய விஷயம் என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவனுக்கு ஒரு சுவரைக் கொடுத்து, ரயிலை விட்டுவிடு என்றால், அந்த ஓட்டத்துக்கு நாம் ஈடாகக் கொடுப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு நியூயார்க்கிலேயே வெகு முன்னதாக ஒரு சோதனை நடந்தது. 1972இல் சிட்டி காலேஜில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த ஹியூகோ மார்ட்டினெஸ், ரயிலில் எழுதும் இளைஞர்களில் சிறந்தவர்களைத் திரட்டி ‘யுனைடெட் கிராஃபிட்டி ஆர்டிஸ்ட்ஸ்’ என்ற குழுவை அமைத்தார். 1973இல் அவர்களுடைய கேன்வாஸ்கள் ரேஸர் கேலரியில் காட்சிக்கு வந்தன. அதே ஆண்டு நடனக் கலைஞர் ட்வைலா தார்ப், ஜாஃப்ரி பாலே குழுவுக்காக அமைத்த ‘டியூஸ் கூப்’ என்ற படைப்பில், நடனம் நடந்துகொண்டிருக்கும்போதே இந்த இளைஞர்கள் மேடையின் பின்திரையில் ஸ்ப்ரே அடித்தார்கள். பார்வையாளர்கள் வியந்து பாராட்டினார்கள். தெருப் பிள்ளைகளைக் கலைஞர்கள் என்று ஒரு பெருநகரம் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட தருணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ரயில் சுத்தமாகவில்லை. முழுப் பெட்டியையும் மேலிருந்து கீழ்வரை நிரப்பும் பெரும் ஓவியங்கள் வளர்ந்ததும், சுரங்க ரயில் கிராஃபிட்டி உச்சத்தைத் தொட்டதும் அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில்தான். குழுவுக்குள் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர். வெளியே நின்றவர்களுக்கு அவர்களுடைய புகழ் ஒரு தூண்டுகோல் ஆயிற்று.

டேவிட் கன் செய்தது கடுமையானது, எளிமையானது. சுத்தம் செய்து விடப்பட்ட பெட்டியில் மறுபடி எழுத்து தென்பட்டால், அது துடைக்கப்படும் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்தார். ஒவ்வொரு தடமாக இந்த விதிக்குள் கொண்டுவந்தார். பணிமனைகளுக்கு வேலியும் காவலும் பலப்பட்டன. ரயில் திரும்பும் முனைகளில் துடைப்பதற்கு ஆட்கள் நின்றார்கள். ஜப்பானின் கவாசாகி நிறுவனம் செய்த புதிய எவர்சில்வர் பெட்டிகள் வந்து சேர்ந்ததும் துடைப்பது எளிதாயிற்று. 1989 மே 12 அன்று, கிராஃபிட்டி படிந்த கடைசி ரயில் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. தன் பெயர் ஓடுவதைப் பார்ப்பதுதான் எழுதியவனுக்குக் கூலி. ஓடாத பெயருக்காக யார் இரவெல்லாம் பணிமனையில் பதுங்கிக் கிடப்பார்கள்? கூலியை நிறுத்தியதும் வேலை நின்றது. இந்த வெற்றிக்குக் கலைஞர்களின் ஒத்துழைப்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதை, கூட்டுத் திட்டங்களை விரும்பும் என்னைப் போன்றவர்கள் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நின்றது ரயிலின் வெளிப்புறத்தில் மட்டும். 1990களில் பெட்டிகளின் கண்ணாடிகளை வைரமுனையாலும் உளியாலும் கீறுவது பரவியது. பெயின்ட்டைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. கடைசியில் கண்ணாடிகள் மீது கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், சுரங்க ரயிலை இழந்தவர்கள் நகரச் சுவர்களுக்கும், கண்டம் முழுக்க ஓடும் சரக்கு ரயில்களுக்கும் போனார்கள். கன் வருவதற்கு முன்பே, 1983 செப்டம்பரில், மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கறுப்பின இளைஞர், சுரங்க ரயில் நிலையமொன்றில் எழுதியதாகச் சொல்லி ரயில் காவல்துறையால் கைது செய்யப்பட்டு, நினைவிழந்து, இரண்டு வாரங்களில் இறந்துபோனார். துடைப்பதும் காவல் போடுவதும் யாருக்கும் வலிக்காத நடுநிலை வேலைகள் அல்ல. அவற்றின் கணக்கில் இந்தச் சாவும் சேர்கிறது.

கன்னின் முறைக்கு இன்று வேறொரு பக்கத்திலிருந்து அரிப்பு வந்திருக்கிறது. அன்று பெயர் பலர் கண்ணில் பட வேண்டுமென்றால் ரயில் ஓடியாக வேண்டும். இன்று பணிமனையில் நிற்கும் பெட்டிக்கு வண்ணம் அடித்து, கைபேசியில் படமெடுத்து, சூரியன் உதிக்கும் முன் இணையத்தில் போட்டுவிடலாம். அந்தப் பெட்டி சேவைக்கே வராமல் துடைக்கப்பட்டாலும் எழுதியவருக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. உடனடித் துப்புரவு இன்னும் தேவைதான். ஆனால் 1989இல் அதற்கிருந்த முழு வலிமை இப்போது இல்லை. துடைப்பு மட்டும் போதாது என்று இன்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பலாம். அங்கே நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 2009இல் முடிந்த ‘லவ் லெட்டர்’ என்ற வேலை. நகரின் மேற்குப் பகுதியில் மார்க்கெட் தெருவின் மேல் உயர்த்திக் கட்டப்பட்ட பாதையில் ரயில் ஓடுகிறது. ஓடும் பெட்டியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக இருப்பவை கடைகளின் மாடிச் சுவர்களும் கூரை விளிம்புகளும். அந்தச் சுவர்கள் பல ஆண்டுகளாக டேக்குகளால் நிறைந்திருந்தன. எஸ்போ என்ற பெயரில் இளவயதில் எழுதித் திரிந்து, பிறகு முழுநேர ஓவியரான ஸ்டீவ் பவர்ஸ் இந்த வேலையை எடுத்துச் செய்தார். 45ஆம் தெருவிலிருந்து 63ஆம் தெருவரை 50 சுவர்கள். எல்லாவற்றிலும் பெரிய பெரிய எழுத்துகள். ஒருவன் ஒருத்திக்கு எழுதும் காதல் கடிதம் போலவும், அந்தப் பேட்டைக்கே ஒருவர் எழுதும் கடிதம் போலவும் ரயிலில் போகிறவர் அதைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டு போகலாம். கட்டட உரிமையாளர்களிடமும் குடியிருப்போரிடமும் பேசி, அந்தப் பகுதியிலேயே பெயர்ப்பலகை எழுதும் பட்டறை ஒன்றைத் திறந்து, இளைஞர்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து அதைச் செய்தார்கள்.

இந்த வேலை ஏன் நன்றாக இருக்கிறது? கிராஃபிட்டிக்காரருக்கு மட்டுமே தெரிந்த ஓர் அறிவை அது பயன்படுத்திக்கொண்டது. எந்த வளைவில் எந்தச் சுவர் பயணியின் கண்ணுக்கு எத்தனை நொடி தெரியும், எழுத்து எவ்வளவு தடித்திருக்க வேண்டும், எந்தக் கூரைக்கு எப்படி ஏறுவது என்பதெல்லாம் கலைக் கல்லூரியில் வருகிற பாடம் அல்ல. திருட்டுத்தனமாக ஏறி இறங்கிய ஆண்டுகளில் கைவந்தவை. அந்த அறிவுக்கு ஊதியமும் மதிப்பும் கொடுத்து, பயணியின் முன் வைத்தது இந்தத் திட்டம். இதைத் தந்த நிறுவனம் 1984இன் அந்தச் சிறு வலையமைப்பிலிருந்து வளர்ந்தது. 1996இல் ஃபிலடெல்ஃபியா சுவரோவியத் திட்டமாக மாறி, ஜேன் கோல்டன் தலைமையில் நகரம் முழுக்க 4,000க்கும் மேற்பட்ட சுவரோவியங்களை உருவாக்கியது. கிரேட்டர்ஃபோர்டு சிறையில் இருந்தவர்கள் மெல்லிய துணிப் பலகங்களில் வரைந்து அனுப்ப, அவற்றை வெளியே சுவர்களில் ஒட்டினார்கள். சிறையிலிருந்து திரும்புவோருக்கு வேலை கொடுக்கும் பிரிவும் அதில் உண்டு. கிராஃபிட்டியை ஒழிக்கத் தொடங்கிய ஒன்று நாற்பது ஆண்டுகளில் இப்படி மாறியதைப் பார்த்தால், தொடக்கத்தில் சொன்ன நோக்கத்தை அது தாண்டிப் போய்விட்டது தெரியும்.

அந்த நோக்கம் நிறைவேறியதா? ஃபிலடெல்ஃபியாவில் கிராஃபிட்டி ஒழியவில்லை. நெடிய, பின்னலான எழுத்து முறைக்காக அந்த நகரம் கிராஃபிட்டி உலகில் இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. சுவரோவியத் திட்டத்துக்கு அப்பால், டேக்குகளைத் துடைப்பதற்கென்று மாநகராட்சி தனிப் பிரிவு வைத்து நடத்துகிறது. ஓவியம் ஏறிய சுவர் தப்பிக்கிறது. பக்கத்துச் சுவர் தப்பிப்பதில்லை.

லிஸ்பனில் இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்கிறது. அந்நகர மாநகராட்சி 2008இல் நகர்ப்புறக் கலைக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, கிளோரியா சரிவுத் தெருவின் ஓரத்தில் பெரிய பலகைகளை நிறுத்தி, சட்டப்படி வரைய இடம் கொடுத்தது. நல்ல வேலைகள் அங்கே வந்தன. அந்தத் தெருவிலேயே, அந்தப் பலகைகளுக்குச் சில அடி தூரத்தில் ஏறி இறங்கிய பழைய சரிவு ரயிலின் இரண்டு பெட்டிகளும் விடாமல் டேக்குகளால் நிரப்பப்பட்டே வந்தன. பலகை வேண்டியவர்கள் பலகையில் வரைந்தார்கள். வண்டி வேண்டியவர்கள் வண்டியில் எழுதினார்கள். இவர்கள் இருவேறு ஆட்களாக இருந்திருக்கலாம். பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் செய்த அதே ஆட்களாகவும் இருந்திருக்கலாம்.

சாவோ பாவ்லோவின் கதையில் நம்பிக்கையும் சிக்கலும் பின்னிக்கிடக்கின்றன. 2011இல் அந்நகரின் வடக்கில், குரூசெய்ரோ டோ சுல் அவென்யூவில், மெட்ரோவைத் தாங்கும் தூண்களில் அனுமதியின்றி வரைந்ததற்காக 11 ஓவியர்கள் கைதானார்கள். விடுதலையான பிறகு அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு அதிகாரிகளிடம் போனார்கள். மெட்ரோ நிறுவனமும் மாநிலக் கலாச்சாரத் துறையும் ஒப்புக்கொண்டன. அதே ஆண்டிலேயே அதே தூண்களில் 66 ஓவியங்களோடு ‘திறந்தவெளி நகர்ப்புறக் கலை அருங்காட்சியகம்’ உருவாயிற்று. பின்ஹோ ரிபேய்ரோவும் சிவிட்ஸும் முன்னின்று நடத்தினார்கள். யோசனை அதிகாரிகளிடமிருந்து இறங்கி வராமல் கைதானவர்களிடமிருந்து மேலே போனது இங்கே முக்கியம். தங்களுடையது என்று அவர்கள் நினைக்கும் தூணை அவர்களே காக்கிறார்கள்.

அதே நகரத்தில்தான் பிக்சாசோ இருக்கிறது. கறுப்பு நிறத்தில், கோணலும் நெடுமையுமான எழுத்துகளை உயரமான கட்டடங்களின் நெற்றியில் எழுதும் வழக்கம் அது. அதைச் செய்வோரில் பலருக்குச் சட்டப்படியான சுவர் மீது எந்த நாட்டமும் இல்லை. அனுமதி வாங்கி எழுதினால் அதில் அவர்களுக்குப் பொருளே இல்லை. 2008இல் அந்நகரின் புகழ்பெற்ற பியனாலே கலைக் கண்காட்சி ஒரு தளத்தைக் காலியாக விட்டிருந்தபோது அவர்கள் கூட்டமாக நுழைந்து அதன் சுவர்களில் எழுதினார்கள். வழக்கும் சிறையும் வந்தன. 2010இல் அதே பியனாலே அவர்களை விருந்தினராக அழைத்தது. 2011இல் பிரேசில் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, உரிமையாளரின் ஒப்புதலோடு வரையும் கிராஃபிட்டி குற்றமல்ல, பிக்சாசோ குற்றமே என்று பிரித்தது. இந்தப் பிரிவினை வசதியானது; ஆனால் கூட்டுத் திட்டங்களின் உள்ளிருக்கும் குறையையும் அதுவே காட்டுகிறது. அழகாக வரையத் தெரிந்த, அதிகாரியோடு பேசத் தெரிந்த, ஏற்கெனவே பாதி தூரம் இந்தப் பக்கம் வந்துவிட்டவரையே திட்டம் தேர்ந்தெடுக்கிறது. ரயிலில் பெயர் எழுதுகிறவர் பெரும்பாலும் அந்த ஆள் அல்லர். பேச்சு நடக்கும் அறைக்கே அவர் வருவதில்லை.

இங்கேதான் சான்றுகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். ஒரு போக்குவரத்து நிறுவனம் முப்பது இளைஞர்களை ஒரு திட்டத்தில் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அவர்களில் இருபத்தைந்து பேர் ரயிலில் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். திட்டம் வென்றதாக அறிக்கை வருகிறது. ஆனால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, வேலையும் குடும்பமும் வரும்போது தானாகக் குறையக்கூடியது. திட்டத்தில் சேராத முப்பது பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. விருப்பத்தோடு வந்து சேர்ந்தவர்கள், நிறுத்துவதற்குத் தயாராக இருந்தவர்களாகவே இருக்கலாம். ஒரு நிலையத்தில் குறைந்த எழுத்து அடுத்த நிலையத்தில் கூடியிருக்கலாம். அதையும் சேர்த்து எண்ணியாக வேண்டும். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த மதிப்பீடுகள் அரிது. இப்படிச் சொல்வதால் துடைப்பையும் தண்டனையையும் மட்டும் நம்புவோர் மகிழ வேண்டியதில்லை. அவர்கள் காட்டும் கணக்குகளிலும் இதே ஓட்டைகள் உண்டு. சரக்கு ரயிலுக்கு இடம்பெயர்ந்த எழுத்தை நியூயார்க்கின் வெற்றிக் கணக்கில் யாரும் கழிக்கவில்லை.

லண்டனில் அதிகாரத்தின் இரண்டு கைகள் இரண்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். 2008 கோடையில் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் தன் வெளிச்சுவரைத் தெருக்கலைஞர்களுக்குக் கொடுத்துப் பெரும் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சதர்க் நீதிமன்றத்தில், அதே ஜூலையில், நாடெங்கும் ரயில்களில் எழுதிவந்த டிபிஎம் என்ற குழுவின் இளைஞர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் புகழ்பெற்ற தெருக்கலைஞர் பேங்க்ஸி, வாட்டர்லூ நிலையத்துக்கு அடியில் உள்ள லீக் தெருச் சுரங்கப்பாதையில் ஓவியத் திருவிழா நடத்தினார். அன்றிலிருந்து அந்தச் சுரங்கப்பாதையில் எவரும் வரையலாம். 2020 ஜூலையில் பேங்க்ஸி துப்புரவுப் பணியாளர் போல உடையணிந்து சுரங்க ரயில் பெட்டிக்குள் முகக்கவசம் பற்றிய எலிகளை வரைந்தார். வரைந்தவர் யார் என்று தெரியாமலே பணியாளர்கள் விதிப்படி அதைத் துடைத்துவிட்டார்கள். பிறகு போக்குவரத்து நிறுவனம், பொருத்தமான ஓர் இடத்தில் அதை மறுபடி வரைந்து தர அவருக்கு வாய்ப்பளிக்கத் தயார் என்று அறிவித்தது. துடைத்த பணியாளர் செய்தது சரி. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது அந்தத் துடைப்பில்தான். புகழுக்காக நீட்டப்பட்ட அழைப்பு, பெயர் தெரியாத ஒரு பையனுக்கு நீட்டப்படுமா என்ற கேள்வியை நிறுவனங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பயணியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிராஃபிட்டியைக் கொண்டாடும் எழுத்துகளில் அவர் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார். சமூகவியலர் நேதன் கிளேசர் 1979இல் நியூயார்க் சுரங்க ரயில் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. அந்த எழுத்துகளைப் பார்க்கும் பயணிக்கு, இந்த இடம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை, இங்கே யாரும் எதுவும் செய்யலாம் என்ற அச்சம் வருகிறது என்பது அவர் கருத்து. இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் ஒரு செவிலிக்கு அந்த அச்சம் பொய்யானதல்ல. அவரும் பெரும்பாலும் அதே ஏழைப் பகுதியிலிருந்து வருபவர்தான். வரைபடமும் நிலையப் பெயரும் மறைந்துபோனால் முதலில் தடுமாறுவது முதியவரும் ஊருக்குப் புதியவரும். கரைப்பான்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின் நெடியை மூச்சில் இழுத்துக்கொண்டு பெட்டி துடைக்கிற தொழிலாளியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டியை விட்டுவிட வேண்டும் என்று கலைஞர்களிடம் கேட்பதில் தவறில்லை. அதை ஒரு பேரத்தின் பகுதியாக மறைத்துக் கேட்காமல் நேராகக் கேட்கலாம்.

கூட்டுத் திட்டங்களில் என்னை மிகவும் உறுத்துவது, கலைஞரை வண்ணப்பூச்சாகப் பயன்படுத்தும் போக்கு. சுவர் தருகிறோம், டப்பா தருகிறோம், உங்கள் பெயர் தெரியும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே சுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவந்த பணத்தில் ஒரு பகுதிகூட வரைந்தவர் கைக்குப் போவதில்லை. கருப்பொருளை மக்கள் தொடர்பு அலுவலகம் முடிவு செய்கிறது. எழுத்தே கூடாது, உருவம் மட்டும் போதும் என்று சொல்வோரும் உண்டு. கிராஃபிட்டியின் உயிரே எழுத்தில் இருக்கும்போது இது மீனவரிடம் கடலை விட்டுவிட்டு மீன் பிடி என்பதுபோல் ஆகிறது. இப்படி வரையப்பட்ட சுவருக்கு அந்த உலகத்தில் மரியாதை கிடைப்பதில்லை. அதன்மீது சில வாரங்களில் டேக் விழுந்தால், கலைஞர்களை நம்பினோம், ஏமாற்றிவிட்டார்கள் என்று நிறுவனம் கைகழுவுகிறது. குறை திட்டத்தின் அமைப்பில் இருந்தது. ஃபிலடெல்ஃபியா நாற்பது ஆண்டு நின்றதற்குக் காரணம், அங்கே ஊதியம் இருந்தது, சம்பளப் பட்டியல் இருந்தது, ஒரே ஆளைப் பல ஆண்டுகள் நம்பிப் போகலாம் என்ற நிலை இருந்தது.

உள்ளூர்த் திட்டத்தின் கைக்கு எட்டாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பல நாடுகளுக்குப் பயணம் செய்து அந்தந்த ஊர் ரயிலில் ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்று திரிபவர்கள் அவர்கள். 2022 மே மாதம் கொச்சி மெட்ரோவின் முட்டம் பணிமனையில் நின்ற ரயிலொன்றில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதே ஆண்டில் அகமதாபாத் மெட்ரோ பெட்டிகளில் வண்ணம் அடித்ததற்காக நான்கு இத்தாலியர்கள் கைதானார்கள். கொச்சியில் எத்தனை அழகான சுவரோவியத் திட்டம் இருந்தாலும் இவர்களைத் தொட்டிருக்காது. பணிமனையின் வேலியும் காவலும் மட்டுமே இங்கு விடை. இந்தியாவில் இப்போது மெட்ரோக்கள் நகரத்துக்கு நகரம் முளைத்துவருவதால், மற்ற நாடுகளின் திட்டங்களை அப்படியே எடுத்து வைக்கும் ஆசை வரும். சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஏ-கில் குழுவினர் வரைந்த பெரிய முகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்காக என்று வெளிப்படையாகச் சொல்லி, ரயில்வேயும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சேர்ந்து செய்த வேலை அது. குற்றத்தைக் குறைக்கும் என்ற வாக்குறுதி அதன் தோளில் இல்லை. அந்தச் சுவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அந்த வாக்குறுதியை இறக்கி வைத்துவிட்டால் இந்த வழிமுறையை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கலாம். 2018 ஜூனில் லண்டனின் லஃபரோ ஜங்ஷன் நிலையம் அருகே மூன்று இளைஞர்கள் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள்; மூவரும் கிராஃபிட்டிக்காரர்கள். 2022 ஏப்ரலில் புரூக்ளினில், பிரான்ஸிலிருந்து வந்திருந்த இருவர் சுரங்க ரயில் பாதையில் உயிரிழந்தார்கள். மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளமும், இருட்டும், ஓட்டுநர் எதிர்பார்க்காத இடத்தில் நிற்கும் மனிதரும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஓட்டுநருக்கும் அந்த இரவு வாழ்நாள் முழுக்கத் தொடரும். லஃபரோ ஜங்ஷன் செய்தி வந்தபோது, இறந்தவர்களை இழிவாகப் பேசிய பொதுக் குரல்கள் எழுந்தன. 19 முதல் 23 வயது வரையிலான பிள்ளைகள் அவர்கள். ஒரு நிறுவனத்தோடு பேசக்கூடிய மூத்த கிராஃபிட்டிக்காரர் ஒருவர், எந்தப் பணிமனையில் எந்தத் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்கிறது, ஏன் அங்கே போகக்கூடாது என்று இளையவர்களிடம் சொன்னால் அவர் பேச்சு எடுபடும். காவல்துறையின் சுவரொட்டிக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. இந்தப் பேச்சுவார்த்தை மூலம் ஆண்டுக்கு ஓர் உயிர் தப்பினாலும், துடைப்புச் செலவில் ஒரு காசும் மிச்சமாகாவிட்டாலும், திட்டத்தைத் தொடர வேண்டும் என்பேன்.

அப்படித் தொடர்வதானால் ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். வரைபவருக்குச் சந்தை விலையில் ஊதியம். சுவரில் எழுத்து இருக்கலாம் என்ற அனுமதி. இத்தனை ஆண்டுக்குப் பிறகு சுவரை மறுபடி வரைவதா, அழிப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் வரைந்தவருக்கும் ஒரு நாற்காலி. பழைய எழுத்துகளைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும் வழியாகத் திட்டம் பயன்படாது என்ற உறுதி. அது இல்லாத இடத்தில் நம்பி யாரும் வரமாட்டார்கள். வண்டிகளைத் துடைக்கும் பணத்தை இதற்காகக் குறைக்கக் கூடாது. துடைப்பவர்களுக்குக் கையுறையும் மூச்சுக்கவசமும் அதே வரவுசெலவில் வர வேண்டும். முதல் ஆண்டு அறிக்கையில் எத்தனை டேக் குறைந்தது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேருக்கு ஊதியம் போனது, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் வேலையில் இருக்கிறார்கள், தண்டவாளத்தில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்ற எண்களும் இருக்கட்டும்.